கார்மென் தெரு, 340ஆம் எண் வீடு

(தொழிற்சங்கப் பாட்டு மாலை ஒன்றில் ஆற்றிய உரை)



மேடைக்குப் பின்னால் சுருதி கூட்டும் சத்தம் கேட்கிறது. பாட்டுக் கேட்க வந்தவர்களைப் பேச்சுக் கேட்க வைப்பது நியாயமில்லை. ஆகையால் ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். இன்று பாட வந்திருப்பவர்களைப் போலத் தாமே பாட்டுக் கட்டி, தாமே மெட்டுப் போட்டு, தாமே பாடியவர்களின் வீடு அது.

தென் அமெரிக்காவில் சிலி என்றொரு நாடு. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, மறு பக்கம் பசிபிக் கடல், நடுவே நாடாவைப் போல நீண்டு கிடக்கும் பூமி. அதன் தலைநகரம் சாண்டியாகோ. அங்கே கார்மென் தெருவில் 340ஆம் எண்ணுள்ள ஒரு பழைய வீட்டில், 1965ஆம் ஆண்டில், இஸபெல் பாரா, ஆன்ஹெல் பாரா என்ற அக்காளும் தம்பியும் பாட்டு மாலைகள் நடத்தத் தொடங்கினார்கள். ‘பேன்யா’ என்று அங்கே அதற்குப் பெயர். சிறு அறைகள், குட்டை மேஜைகள், மெழுகுவர்த்தி வெளிச்சம், கொஞ்சம் திராட்சை மது, உள்ளே கறி வைத்த அப்பம். பாடுகிறவனின் மூச்சு, கேட்கிறவனின் காதில் விழும். அவ்வளவு நெருக்கம்.

ஏன் ஒரு வீட்டுக்குள் பாட வேண்டும்? ஊரில் ரேடியோ இல்லையா? இசைத்தட்டுக் கம்பெனி இல்லையா? எல்லாம் இருந்தன. ரேடியோவில் வெளிநாட்டுப் பாட்டு ஒலித்தது. நாட்டுப் பாட்டு என்ற பெயரில் வந்ததோ வேடிக்கையானது. பண்ணையார் போட்டுக்கொள்ளும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கிராமம் எவ்வளவு அழகு, ஆறு எவ்வளவு அழகு என்று பாடுவார்கள். அந்தப் பாட்டில் ஆறு இருக்கும், குதிரை இருக்கும்; களத்தில் நிற்கும் கூலிக்காரன் மட்டும் இருக்கமாட்டான்!

இந்த அக்காள் தம்பியின் தாய் வியோலெட்டா பாரா. 1950களில் ஊர் ஊராகப் போய், கிழவர்கள் கிழவிகளிடம் உட்கார்ந்து, மறைந்துகொண்டிருந்த பாட்டுகளைத் தேடி எடுத்த பெண்மணி. தானும் ஏராளமாகப் பாட்டுக் கட்டியவர். அவர் நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய கூடாரம் போட்டுப் பாடினார். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1967 பிப்ரவரியில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் காலியாகக் கிடந்த அந்தக் கூடாரத்தை நினைக்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

கார்மென் தெரு வீட்டுக்குப் பாட வந்தவர்களில் ஒருவர் விக்தோர் ஹாரா. 1932இல் பிறந்தவர். தகப்பனார் பண்ணையாள். பண்ணையில் ஒரு குடிசை, ஒரு துண்டு நிலம், அதற்கு ஈடாகக் குடும்பமே உழைக்க வேண்டும். நமக்குப் புரியாத ஏற்பாடா இது? தாயார் அமாண்டா, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாடுகிறவர். பிள்ளை கிட்டார் கற்றான், நாடகம் கற்றான், நாடக இயக்குநராகப் பெயர் வாங்கினான். கம்யூனிஸ்டுக் கட்சியிலும் சேர்ந்தான்.

ஆலையில் வேலை செய்யும் தோழர்கள் ஒரு பாட்டைப் பற்றிக் கேளுங்கள். 1969இல் வெளிவந்தது. ஒரு பெண் நனைந்த தெருவில் ஆலைக்கு ஓடுகிறாள். உள்ளே வேலை செய்பவனைப் பார்க்க அவளுக்குக் கிடைப்பது இடைவேளையின் ஐந்து நிமிடம். சங்கு ஊதுகிறது, அவன் திரும்புகிறான். பிறகு அவன் மலைக்குப் போராடப் போய் மாண்டுபோகிறான். அந்த இருவருக்கும் தன் தாய் தகப்பன் பெயரையே வைத்தார் ஹாரா. சங்கு ஊதும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக் காதலித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இல்லையா? சிரிக்கிறீர்கள், இருக்கிறார்கள்!

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் படித்தவர்களும்தான். யாருடைய பாட்டோ, அவர்கள் அங்கே குறைவு. ஹாரா அங்கேயே தங்கிவிடவில்லை. சங்கக் கூட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் சேரிக்கும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார். சேரி மக்களோடு பேசிப் பழகி, அவர்கள் புறம்போக்கில் குடிசை போட்ட கதையை 1972இல் ஒரு முழு இசைத்தட்டாக்கினார். கம்பெனிகளை நம்பியிராமல், கம்யூனிஸ்டு வாலிபர் சங்கம் 1968இலேயே தன் சொந்த இசைத்தட்டு நிலையத்தைத் தொடங்கிவிட்டது.

1969 மார்ச்சில் தெற்கே புவெர்ட்டோ மோன்ட் என்ற ஊரில் நிலமற்ற குடும்பங்கள் தரிசில் குடியேறின. போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். ஹாரா பாட்டுக் கட்டினார். அதில் உள்நாட்டு மந்திரியின் பெயரையே சொல்லிக் கேள்வி கேட்டார். பூவைப் பாடு, நிலவைப் பாடு, யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். பெயரைச் சொல்லிப் பாடினால் பகை வந்து சேரும். வந்தது.

1970இல் சல்வடோர் அலெண்டே தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். அவருக்காக இந்தப் பாட்டுக்காரர்கள் ஊரூராகப் பாடினார்கள். 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மறுநாள் ஹாராவைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிடித்துப்போய், ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரு விளையாட்டு அரங்கில் அடைத்தார்கள். அடித்தார்கள். அங்கே அவர் எழுதிய கடைசிக் கவிதையைக் கூட இருந்த கைதிகள் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். சில நாட்களில் அவர் உடல் கிடைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்திருந்தன. வயது நாற்பது.

மனைவி ஜோன் பிணவறையில் உடலைத் தேடி எடுத்துப் புதைத்தார். பாட்டு நாடாக்களோடு நாட்டை விட்டு வெளியேறினார். வழக்கை விடவில்லை. 2023 ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம் முன்னாள் ராணுவத்தாரின் தண்டனையை உறுதிசெய்தது. ஐம்பது ஆண்டு! அந்த அம்மாள் அதே ஆண்டு நவம்பரில் கண்ணை மூடினார். அந்த அரங்கத்துக்கு இப்போது ஹாராவின் பெயர்.

கார்மென் தெரு வீட்டில் பாட்டு நின்றுபோயிற்று. மலைநாட்டுக் குழலும் சிறு கிட்டாரும்கூட ராணுவ ஆட்சியின் கண்ணுக்கு ஆகாதவையாயின. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சாண்டியாகோவிலேயே வேறு வீடுகளில், வேறு கூடங்களில் மறுபடி பேன்யா கூடியது. சிறையிலிருந்தவர் குடும்பத்துக்குக் காசு சேர்க்கப் பாடினார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள் போன போன ஊரிலெல்லாம் மேஜை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடினார்கள்.

சரி, சுருதி சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. முன்வரிசையில் இடம் இருக்கிறது. பின்னால் நிற்கும் தாய்மார்கள் முன்னால் வந்து உட்காருங்கள்.