சிறிய அலமாரி



எங்கள் வீட்டுச் சுவரில் துணி வைக்கும் அலமாரி ஒன்று உண்டு. அகலம் 2 அடி; தட்டுகள் மூன்று. இடம் போதவில்லை என்று நெடுங்காலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியராக இருந்தபோது ஒருநாள், அழுக்குச் சட்டையுடன் வந்த மாணவன் ஒருவனைக் காலைக் கூட்டத்தில் கடிந்துகொண்டேன். அவனுக்கு இருந்தது அந்த ஒரே சட்டை என்பதைப் பின்னரே அறிந்தேன். வெட்டித் தைத்துக் கொடுக்கலாமென்று அன்று மாலை என் அலமாரியில் தேடினேன். அடித்தட்டில் மறந்து கிடந்த இரு சட்டைகள் அகப்பட்டன. இரண்டையும் இராமபாணப் பூச்சி அரித்திருந்தது!

அன்றுதொட்டு நான் கைக்கொள்ளும் முறை எளியது. முதலில் அலமாரியை முழுவதும் காலி செய்யுங்கள். ஓராண்டாக உடுத்தாதவற்றை, நல்ல நிலையில் இருக்கும்போதே பிறருக்கு அளித்துவிடுங்கள். அன்றாட உடைகளைக் கண்ணுக்கு நேரான தட்டிலும், விழாக்கால உடைகளை மேல்தட்டிலும், போர்வைகளை அடித்தட்டிலும் வையுங்கள். மடித்த சட்டைகளைப் புத்தகங்களைப் போல் நிறுத்தி வைத்தால், ஒன்றை எடுக்கையில் மற்றவை கலையா. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சிப் பசை இருந்தால் இராமபாணம் நாடி வரும். ஆகவே, நெடுநாள் வைக்கும் துணிகளைக் கஞ்சியின்றித் துவைத்து, நன்கு உலர்த்தி வையுங்கள்.

அம்மாணவனுக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தேன்; கூட்டத்தில் சொன்ன சொல்லை மட்டும் மீட்க இயலவில்லை.

வரும் ஞாயிறன்று உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். அடித்தட்டில் இன்னொருவருக்கு உரிய சட்டை இருக்கக்கூடும்.