பெயர் அறியாமல் சுவைத்தவர்

(பொதுக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்றைய நற்செய்தி நம்மைக் கானாவூர்த் திருமணத்துக்கு அழைத்துச் செல்கிறது. தண்ணீர் திராட்சை இரசமான அருஞ்செயலைப் பலமுறை சிந்தித்திருக்கிறோம். அதைச் சுவைத்துப் பார்த்த பந்தி மேற்பார்வையாளரைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. மொண்டு வந்த பணியாளருக்கே தெரியும் என்று யோவான் கவனமாகக் குறிப்பிடுகிறார். சடங்குக்காக வைத்த கல்தொட்டித் தண்ணீர் என்று முன்பே அறிந்திருந்தால், அவர் முகம் சுளித்திருக்க மாட்டாரா? அறியாததால், நாவு சொன்ன உண்மையை அப்படியே சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றபோது, பிரான்சின் போர்தோ பகுதியில் பணியாற்றும் குருநண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கினோம். இரவு உணவின்போது, தமக்குப் பரிசாக வந்த சிவப்புத் திராட்சை இரசப் புட்டி ஒன்றைத் துணியால் சுற்றி வைத்தார். "பெயரைப் பார்க்காமல் மதிப்பிடுங்கள்" என்றார். வெள்ளை மேசைவிரிப்பின் முன் பிடித்து நிறம் பார்த்தோம். கிண்ணத்தை மெல்லச் சுழற்றி முகர்ந்தோம். ஒரு மிடறு வாயில் நிறுத்தினோம். நன்கு பழுத்த நாவற்பழத்தின் சாறும் துவர்ப்பும் தெரிந்தன. அந்தத் துவர்ப்பு நாவைக் கடிக்கவில்லை; விழுங்கிய பின்னும் சுவை நெடுநேரம் நின்றது. "இது முதல் தரம்" என்றோம். அவர் துணியைப் பிரித்தார். ஷாத்தோ பொந்தே-கனே என்ற தோட்டம். "பட்டியலில் இது ஐந்தாம் தரம்" என்று சிரித்தார்.

1855-இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்துப் போர்தோவின் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். இத்தோட்டத்துக்குக் கிடைத்தது கடைசித் தரம். 1973-இல் ஒரே ஒரு தோட்டம் மட்டும் இரண்டிலிருந்து ஒன்றுக்கு உயர்ந்தது. மற்றவற்றின் தரம் அப்படியே நிற்கிறது.

ஆனால் தோட்டம் அப்படியே நிற்கவில்லை. 1994-இல் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் டெசரோன், 2004 முதல் செயற்கை மருந்துகளைக் கைவிடத் தொடங்கினார். டிராக்டர் மண்ணை இறுக்குகிறது என்று குதிரைகளைப் பூட்டினார். 2007-இல் பூஞ்சை நோய் பரவியபோது பயந்துபோய் மறுபடி மருந்து தெளித்துவிட்டார். அதோடு விட்டுவிடவில்லை, வருந்தி, மீண்டும் தொடங்கினார். 2009, 2010 ஆண்டுகளின் இரசத்துக்கு, உலகப் புகழ்பெற்ற அமெரிக்க மதிப்பீட்டாளர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு அளித்தார். பட்டியலில் மட்டும் இன்றும் ஐந்தாம் இடம்.

அன்பர்களே, மதுவின் புகழ் பாட நாம் வரவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். சொல்ல வந்தது மதிப்பிடுவதைப் பற்றி. சேலையை விரித்து, முந்தானையைத் தடவிப் பார்க்கும் முன்னரே, "காஞ்சிபுரமா, ஆரணியா?" என்று கேட்டு மனத்துக்குள் விலையைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்போது நமக்கு வலிக்கிறது. ஆனால் நாம் மனிதரை எப்படி மதிப்பிடுகிறோம்?

நம் பங்கில் நெசவாளர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியை விட்டார். இடையில் ஒரு பொங்கலன்று தவறினார். மறுநாளே எழுந்து மீண்டும் தொடங்கினார். அண்மையில் அன்பியப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள். "அவரா?" என்றது ஒரு குரல். கூட்டம் அமைதியானது. நாமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டோம். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று ஆண்டு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தும், பழைய சீட்டைத்தானே நாம் படித்தோம்! மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தறியை நிறுத்திவிட்டு, "சாமி, பாவு நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுத்தானே நெய்யறோம்? அறுந்துச்சுன்னு சேலையையா தூக்கிப் போடறோம்?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர் பெயரை நாமே முன்மொழியப் போகிறோம்.

நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று கேட்ட நத்தனியேல் கானாவூர்க்காரர். ஊர்ப் பெயரை வைத்து ஆண்டவரையே எடைபோட்டார். ஆனால் வந்து பாரும் என்று பிலிப்பு அழைத்தபோது எழுந்து போனார், பார்த்தார், நம்பினார். நம்மிடமும் அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. இந்த வாரம், நாம் எப்போதோ தரம் பிரித்து ஒதுக்கிவைத்த ஒருவரின் வீட்டுக்குப் போவோம். அவர் நேற்று யாராக இருந்தார் என்பதை வாசலிலேயே விட்டுவிட்டு, இன்று யாராக இருக்கிறார் என்று பார்ப்போம்.

தண்ணீரை இரசமாக்கிய ஆண்டவர் நம் பார்வையையும் மாற்றுவாராக. ஆமென்.