கதிரும் கைகளும்



வள்ளுவப் பெருந்தகை உழவுக்கென்றே 104ஆம் அதிகாரத்தை வகுத்தார். கம்பர் பெயரால் 'ஏர் எழுபது' வழங்குகிறது. பள்ளு நூல்களோ உழைப்போரையே தலைமக்களாக்கின. நெல்லரிவோர் முழக்கிய தண்ணுமையும், பரண்மீதிருந்து தினைப்புனம் காத்த மகளிரும் சங்கப் பாடல்களில் இன்றும் வாழ்கின்றனர். ஆயினும், விளைந்தும் அறுக்க ஆளில்லை என்னும் கவலையை இனிமேல்தான் தமிழ்க் கவிதை முழுமையாகப் பாட வேண்டும். அக்கவலையின் களமாக ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் விளங்குகிறது.

கேழ்வரகும் அவரையும் மாவும் புளியும் செழித்த இம்மண்ணில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் வரிசையாக வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மையில் வந்த மின்னணு ஆலையில் பெண்களே மிகுதியாகப் பணிபுரிகின்றனர். கதிரறுத்த தாயின் மகள் இன்று மாதச் சம்பளம் பெறுகிறாள். இதனை ஏற்றம் என்றே கொள்ளல் வேண்டும். ஆனால், அவள் விட்டுச் சென்ற அரிவாளை எடுப்பார் யார்?

ஒரே மழையை நம்பி விதைத்த கேழ்வரகு, கார்த்திகை, மார்கழியில் எல்லார் நிலத்திலும் ஏறத்தாழ ஒருங்கே முற்றுகிறது. எனவே எல்லார்க்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவை. அறுவடை தள்ளிப்போனால் மணி உதிரும். மழை வந்தால் முளைக்கும். போதாக்குறைக்குக் கர்நாடகத்துப் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, சானமாவுப் பக்கம் வருவதும் இப்பருவத்தில்தான். ஓர் இரவு போதும், ஆறு மாத உழைப்பு அழிய. அறுத்த தாளைப் போரடிக்கவும் ஆளின்றிச் சாலையில் பரப்புகின்றனர். ஆலைப் பேருந்தின் சக்கரம் அங்கே களத்து மாட்டின் வேலையைச் செய்கிறது!

இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை சரிந்தால், பறிகூலிக்கும் கட்டாது என்று பழம் செடியிலேயே விடப்படுகிறது. மாவும் ரோஜாவும் பக்குவம் தவறினால் விலை தவறும்.

தீர்வு யாது? அறுவடை இயந்திரம் சமநிலத்தில் உதவும். மேடும் பாறையுமான சிறு துண்டு நிலத்தில் திணறும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டமே ஆட்குறைவுக்குக் காரணம் என்றனர் பலர். அதற்கு மாற்றாக 2025இல் வந்த சட்டம், விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை அவ்வேலையை நிறுத்திவைக்க இடமளிக்கிறது. வேறு வேலையை மூடி வயலுக்கு ஆள் சேர்ப்பது உழவனுக்குத் துணையாகலாம். கூலி பேசும் உரிமையையோ உழைப்பவளிடமிருந்து பறித்துவிடும். கூலியும் மதிப்பும் உயராத வயலுக்குக் கட்டாயத்தால் எவரும் நெடுநாள் வாரார்.

சிறுகளத்துக்கேற்ற கதிரடிக்கும் கருவியை ஊர்க்குழு பொதுவாக வைத்துக் கொள்ளலாம்; முறைவைத்து ஒருவர் நிலத்தில் ஒருவர் அறுத்துக் கொடுக்கலாம்; நாள் தள்ளி முற்றும் வகைகளைக் கலந்து விதைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரும் கூலியைத் தாங்கும் விலை விளைபொருளுக்குக் கிடைத்தல் வேண்டும்.

கவிஞர்காள்! பச்சை வயலின் அழகைப் பாடியது போதும். அந்த வயலில் குனியும் முதுகுகளுள் பெரும்பாலானவை நரைத்த தலையோரின் முதுகுகள். அவர்க்குப் பின் யார் என்னும் வினாவும் பாட்டில் ஏறட்டும். கதிரைப் பாடும் தமிழ், அதை அறுக்கும் கையின் கூலியையும் பாடுக!