மலாவிப் பள்ளியும் ஸ்கொட்லாந்துத் தோழமையும்

ஆபிரிக்காவிலுள்ள மலாவி 1994ஆம் ஆண்டு ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிற்று. 19 இலட்சம் அளவிலிருந்த மாணவர் தொகை ஓராண்டுக்குள் 30 இலட்சத்தை அண்மியது. மரநிழலும் வகுப்பறையாயிற்று, ஆசிரியர் தொகையோ ஈடுகொடுக்கவில்லை.

2005இல் ஸ்கொட்லாந்து அந்நாட்டுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. இருநாட்டுப் பாடசாலைகள் பல தோழமை பூண்டன. நூலும் பேனாவும் அனுப்புதல் எளிது; அவை தீர்ந்தும் போகும். ஸ்கொட்லாந்திடம் வேறொன்றும் உண்டு. 'எமது பாடசாலை எத்துணை நன்று?' என்று ஆசிரியரே தம் பணியை மதிப்பிடுதற்கான கைந்நூலை அந்நாட்டுக் கல்விப் பரிசோதகர் 1996இல் வெளியிட்டனர். ஆனால் அங்கே முதலாம் வகுப்பிற்கு 25 பிள்ளைகளே உச்சவரம்பு. மலாவியிலோ கீழ்வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்வதுண்டு. அதே அளவுகோல் எவ்வாறு பொருந்தும்? மலாவி ஆசிரியர் முதலிற் கேட்க வேண்டியது, இடைநின்ற பிள்ளை எங்கே என்பதே. அதனை ஊர்ப் பெற்றோரை அழைத்தே கேட்டல் வேண்டும்.