வாக்கும் மனமும்

தேர்தல் முடிவுகள் வெளிவந்த மறுநாள் காலையில், "மக்கள் இன்னதை விரும்பினார்கள், இன்னதை வெறுத்தார்கள்" என்று நாம் வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணைக் கண்டவுடன் எண்ணத்தையும் கண்டுவிட்டதாகக் கருதுகிறோம். ஆசிரியனாகிய நானும் அப்பிழையைச் செய்தவன்தான். மாணவ நேயர்களே, அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் வாழும் திருமுருகன்பூண்டி, சுந்தரரின் பொருளை வேடர் உருவில் வந்த சிவகணங்கள் பறித்துக்கொண்டதாகப் புராணம் கூறும் தலம். இன்று ஊரின் ஒருபுறம் சிற்பிகளின் உளியோசை. மறுபுறம் பனியன் கம்பெனிகளின் தையல் இயந்திர ஓசை. திருப்பூரை ஒட்டியிருப்பினும், எங்களூர் அவிநாசி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. ஆகவே 2009ஆம் ஆண்டு முதல் நாங்கள் நாடாளுமன்றத்திற்கு நீலகிரித் தொகுதியில் வாக்களித்து வருகிறோம். கூடலூர்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும், உதகைப் பக்கத்துப் படகர் இன விவசாயியும், பூண்டியின் பனியன் தொழிலாளியும் ஒரே பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெய்யும் மழைகூட எங்களுக்குள் ஒத்துவராது!

2014ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொகுதியில் விழுந்த நோட்டா வாக்குகள் 46,559. வேட்பாளர்களில் எவரையும் ஏற்கவில்லை என்று தெரிவிக்கும் இவ்வழி, உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் பிறந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய அதன் அளவு, இங்கே ஏறத்தாழ ஐந்து. அந்த ஆண்டு இந்தியாவில் வேறு எத்தொகுதியிலும் அத்தனை நோட்டா விழவில்லை. "பார்த்தீர்களா, அரசியலையே வெறுத்தவர்கள் எத்தனை பேர்!" என்று வகுப்பில் நான் முழங்கினேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவர்கள் தேடிய பெயர் பட்டியலில் இருந்ததா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரிந்தே இருந்தது. அதை நினைத்துப் பார்க்கத்தான் தவறிவிட்டேன். நாடெங்கும் 282 இடங்களை வென்ற பாரதிய ஜனதாக் கட்சிக்கு நீலகிரியில் வேட்பாளரே இல்லை. அவரது வேட்புமனு பரிசீலனையில் தள்ளுபடியாகியிருந்தது. வெறுப்பு என்று நான் படித்ததில் ஒரு பகுதியேனும், விரும்பிய பெயரைக் காணாத ஏமாற்றமாக இருந்திருக்கலாம். அதற்காக, 46,559 பேரும் அக்கட்சியினரே என்று சொல்வதும் முதற்பிழைக்குத் தம்பியான பிழைதான். வாக்குச்சாவடிவாரியான எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். எனினும் இரகசிய வாக்கின் உட்புறம் எவர்க்கும் தெரியாது.

பத்தாண்டுகள் கழித்து, மத்தியப் பிரதேசத்து இந்தூரில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்குக் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார். நோட்டாவுக்கு வாக்களிக்குமாறு அக்கட்சி கேட்டுக்கொண்டது. விழுந்த நோட்டா 2,18,674. கட்சிகள்தாம் வேறு, பெயர் மறைந்தபோது நோட்டா பெருகியது இரண்டு இடங்களிலும் ஒன்றே.

இடங்களின் எண்ணிக்கையும் இவ்வாறே நம்மை ஏமாற்றும். அதே 2014இல் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ அ.தி.மு.க. வென்றது. மாநிலமே ஒரு குரலில் பேசியதாக எழுதினார்கள். அக்கட்சி பெற்ற வாக்கோ நூற்றுக்கு 44 அளவுதான்.

வாக்களிக்காதவரைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஏப்ரல் 19 அன்று எங்களூரில் வாக்குப்பதிவு. பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், வாசற்படியில் அமர்ந்து நாங்கள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் விரலில் மையோடு திரும்பியபோது எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு வாக்கு சொந்தக் கிராமத்தில். அங்கு வாக்குப்பதிவு அடுத்த மாதம். ரயிலில் போய்வந்தால் ஒரு வாரக் கூலி போய்விடும் என்றார், போகவில்லை. அவருடைய ஊர்க் கணக்கில் அவர், வாக்களிக்க வராதவர்களில் ஒருவர். அக்கணக்கைப் படிப்பவர் அவரை அக்கறையற்றவர் என்று எழுதக்கூடும். அன்று மாலை அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, "சார், இங்கே யார் ஜெயிப்பார்கள்?" என்பதுதான்.