தகுதி இருக்கிறது, தயாராக இருக்கிறேனா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரமோஷனுக்கு எழுதலாமா, இன்னும் ஒரு வருடம் போகட்டுமா என்று லிஃப்ட்டிலும் வாக்கிங் பாதையிலும் என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார் செயலாளர். நான் பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, ஸ்கேல் 4 வரை போய் ஓய்வு பெற்றவள். கடைசி சில வருடங்கள், கிளார்க்கிலிருந்து ஆபீசராக வர விரும்புகிறவர்களை நேர்காணல் செய்யும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். எனவே எனக்குத் தெரிந்த வங்கியை வைத்தே பேசுகிறேன். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு பிற்பகுதியில் இருக்கிறது, எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் 'தகுதி' என்ற சொல். சர்க்குலரில் அந்தச் சொல்லுக்கு இத்தனை வருடம் சர்வீஸ், இன்ன படிப்பு, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்று அர்த்தம். அது இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் உட்கார்ந்து நாம் அதே சொல்லைச் சொல்லும்போது அர்த்தம் வேறாகிவிடுகிறது. "எனக்கு அந்த அளவுக்குத் தகுதி இருக்கா?" என்று கேட்கும்போது சர்வீஸையா கணக்குப் பார்க்கிறோம்? நம் மதிப்பையே எடை போடுகிறோம். முதல் கேள்விக்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

"ஆபீசர் ஆனால் எல்லாம் தெரிந்திருக்கணுமே" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வார்த்தை. நகைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்தை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பவர் நகை மதிப்பீட்டாளர். ஆபீசருக்கு அந்த வேலை தெரியாது, தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அவர் பார்க்க வேண்டியவை வேறு. நகையின் எண்ணிக்கை சீட்டோடு ஒத்துப் போகிறதா, எடை கண் முன்னால் போடப்பட்டதா, பாக்கெட்டில் முத்திரை சரியா, லாக்கர் சாவியை இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா. இதைக் கவுன்டரில் உட்கார்ந்து பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கிளார்க்குக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியை நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார். வீட்டுக் கடனில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதும் அப்படித்தான். வழக்கறிஞரின் கருத்து வரும், பொறியாளரின் மதிப்பீடு வரும், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் நமக்கு வேண்டும். புதிதாக ஆபீசரான ஒருவரிடம் கோடிக்கணக்கான கடனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லவும் மாட்டார்கள். எந்த ஸ்கேலில் இருப்பவர் எவ்வளவு வரை அனுமதிக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. பொறுப்பை அளந்துதான் கொடுக்கிறார்கள்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பது, மேனேஜர் அவசரப்படுத்தினாலும் ஆவணத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது. இந்தப் பழக்கம் இல்லாதவர் இன்னும் ஒரு வருடம் பொறுக்கட்டும். அது அடுத்தவர் பணம்.

நேர்காணல் குழு என்ன பார்க்கும் என்று கேட்கிறீர்கள். ஒரு கடன் எப்போது என்.பி.ஏ. ஆகும் என்று கேட்போம். 90 நாள் நிலுவை என்பார்கள். பயிர்க் கடனுக்கும் அதே கணக்கா என்று அடுத்த கேள்வி. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் என்று சொல்கிறவரும் உண்டு, "தெரியவில்லை சார், சர்க்குலரில் பார்த்துச் சொல்கிறேன்" என்கிறவரும் உண்டு. இரண்டாமவருக்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னவர்களிடம்தான் பேனா தயங்கும். நீங்கள் பொருத்தமில்லை என்றால் அதைச் சொல்வதற்குத்தான் மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேலையையும் நீங்களே வீட்டில் முடித்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை?

2014-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் டாரா மோர் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கேட்ட தகுதிகள் முழுவதும் இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான். "என்னால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது" என்பதை முதல் காரணமாகச் சொன்னவர்கள் பெண்களில் சுமார் 10 சதவீதம், ஆண்களில் 12 சதவீதம். இருபாலரும் அதிகம் சொன்ன காரணம், "கேட்டது என்னிடம் இல்லை, எடுக்க மாட்டார்கள், நேரம் வீண்" என்பது. அதாவது வேலையைக் கண்டு பயப்பட்டவர்கள் குறைவு. தேர்வு முறையைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒதுங்கியவர்களே அதிகம்.

நம் ஊரில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. கிளார்க் ஆபீசரானால் இடமாற்றம் வரும். இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். கையில் கூடுதலாக வரும் சம்பளம், சீனியர் கிளார்க்குக்கு ஆரம்பத்தில் பெரிதாகவும் தெரியாது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியாருக்கு டயாலிசிஸ் என்று இருக்கும்போது "எனக்கு இன்னும் தகுதி வரலை" என்று சொல்வது வசதியான பதில். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மூன்று முறை அப்படிச் சொல்லி விட்டுவிட்டாள். நான்காவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்து, இரண்டு வருடம் வெளியூர் போனால் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று தாளில் எழுதினாள். முதலில் "போகட்டும்" என்றது மாமியார்தான். எழுதினாள், தேர்வானாள், ராயலசீமாவில் ஒரு கிராமக் கிளையில் போட்டார்கள். போய் மூன்று மாதத்தில் தெலுங்கில் வசூல் செய்தாள்! அதே கிளையில் எங்கள் ஹெட் கேஷியர், "எனக்குப் பணம் எண்ணப் பிடிக்கும், கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கப் பிடிக்காது" என்று வெளிப்படையாகச் சொல்லி, கடைசி வரை எழுதவே இல்லை. வாடிக்கையாளர்கள் இன்றும் அவரை விசாரிக்கிறார்கள். இரண்டு பேருமே தங்களிடம் சரியான கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். விண்ணப்பிப்பதும் ஏற்பதும் வேறு என்று நினைத்துச் சும்மா எழுதிப் பார்க்கிறவர்கள், சர்க்குலரின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். தேர்வான பிறகு மறுத்தால் சில வருடம் மறுபடி எழுத முடியாத நிலை வரலாம். அது வங்கிக்கு வங்கி மாறும்.

ஐ.டி. நண்பர்களே, உங்கள் இடத்தில் பெரும்பாலும் அடுத்த நிலை வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவருக்குத்தான் பதவி வருகிறது. ஆகவே 'தயாராக இருக்கிறேனா' என்று உங்களையே கேட்காமல், அப்ரைசல் வருவதற்கு ஆறு மாதம் முன்பே மேனேஜரிடம், "அடுத்த நிலைக்கு என்னிடம் எது குறைகிறது?" என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மேனேஜர் மாறினாலும் மெயில் இருக்கும்.

பேச்சோடு பேச்சாக, நம் சங்கத்தில் பொருளாளர் பதவி இரண்டு காலாண்டாகக் காலி. "எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது" என்று பதினொரு பேர் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்களாம். அதில் மூன்று பேர் ஆடிட் ஆபீசில் வேலை செய்கிறார்கள்.

வங்கித் தேர்வுக்கு இந்த வருடம் எழுதப் போகிறவர்கள், ஜே.ஏ.ஐ.ஐ.பி. முடித்தவர்களானாலும் முடிக்காதவர்களானாலும், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே அறைக்கு வாருங்கள். மாதிரி நேர்காணல் வைக்கலாம். உங்கள் வங்கியின் சர்க்குலரை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், மொபைலில் காட்டினால் என் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர் ஒருவரையும் கூட்டி வந்தால் நல்லது.