சிறைவாயிலில் ஆளில்லை
(திருத்தணிப் பொழிவின் ஒரு பகுதி)

1960-இல் தமிழகத்தோடு இணைந்த இத் திருத்தணிக்காகப் போராடிய ம.பொ.சி.யின் நூல்வழி எழுந்ததே, 1961-இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படம். இயக்கிய பந்துலு கோலார்ப் பகுதியிற் பிறந்தவர்; அவர்க்கும் நன்றி உரியது!

வெள்ளையர்க்கு எதிராகக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார்க்கு 1908-இல் வல்லாட்சி வழங்கிய தீர்ப்பு, வாழ்நாள் முழுதும் நாடுகடத்தல்! மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912-இல் மீண்டபோது, வரவேற்கப் பெருங்கூட்டம் திரளவில்லை. கப்பல் விலைபோயிருந்தது, வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது.

செக்கடியைத் திரையிற் கண்டு விம்முவது எளிது. அது வெள்ளையன் செய்தது. சிறைவாயிலின் வெறுமையோ தமிழர் செய்ததன்றோ! அப் படத்தையும் வெளிவந்த நாளில் அவர்கள் கைவிட்டனர். பந்துலுவுக்குப் பொருளிழப்பே எஞ்சிற்று.

மீண்டபின் வறுமையிலும் சிதம்பரனார் ஓயவில்லை. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார்.